நின்றுபோன வேர்டு மாற்றிக்கு ஆள் சேர்த்த பதிவு

எங்கள் எழுத்துரு மாற்றி பல வருடமாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பழைய குறியாக்கங்களில் அடித்த வெறும் உரையை ஒரு பெட்டியில் ஒட்டினால் மறு பெட்டியில் யுனிகோடில் வரும். பைத்தானில் எழுதியது, ஜிபிஎல் உரிமம் (யாரும் எடுத்து மாற்றலாம்), சின்னத் திட்டம். பயன்படுத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். வேர்டு கோப்பை அப்படியே கொடுப்போம், அப்படியே மாறி வர வேண்டும். தடித்த எழுத்து தடித்தே இருக்கணும், அட்டவணை கலையக் கூடாது, நடுவில் வருகிற ஆங்கிலத்தைத் தொடக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் விவகாரமே. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பின் உள்ளே போய்ப் பார்த்தால் ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான் இருக்கும். எழுத்துரு பாமினி என்பதால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. ஆக, உரையின் எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுக்க முடியும். வேர்டில் அந்தத் தகவல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்காது. துண்டிலேயே எழுதியிருக்கலாம். இல்லாவிட்டால் எழுத்துப் பாணியில், பத்திப் பாணியில், ஆவணத்தின் பொது அமைப்பில், அங்கும் இல்லையென்றால் தீமில் போய்த் தேட வேண்டும்.

இந்தச் சங்கிலியை முழுக்கப் பிடித்து ஒருவர் பெரிய புல் ரெக்வெஸ்ட் (என் மாற்றத்தைத் திட்டத்தில் சேருங்கள் என்ற கோரிக்கை) அனுப்பினார். கல்லூரியில் கடைசி வருடம், நல்ல கை. மூவாயிரத்துச் சொச்சம் வரி. எழுத்துருவைக் கண்டறிவது, மாற்றுவது, அட்டவணை, அடிக்குறிப்பு, கட்டளை வரிக்குப் புதிய விருப்பங்கள், போகிற போக்கில் பழைய குறியீட்டுக்கு மறுசீரமைப்பு, எல்லாம் ஒன்றாக. ரிவ்யூ பாதியில் இருக்கும்போது அவருக்கு வேலை கிடைத்து ஊர் மாறிவிட்டார். அதற்குள் திட்டத்தின் முதன்மைக் கிளையும் நகர்ந்துவிட, அதற்கும் அவர் குறியீட்டுக்கும் முரண்பாடுகள் குவிந்தன. 'உதவி தேவை' என்று லேபிள் ஒட்டி வைத்தோம். நட்சத்திரம் போட்டார்கள். 'நான் எடுத்துக்கலாமா?' என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்கள் ரெப்போவை (திட்டத்தின் மொத்தக் குறியீடும் இருக்கும் கிடங்கை) இறக்கிப் பார்த்துவிட்டுக் காணாமல் போனார்கள்.

ஆள் பஞ்சம் என்றுதான் எங்கள் குழுவில் பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டு வந்தவர்கள் இருந்தார்களே! கல்யாண வீட்டில் "எல்லாரும் கொஞ்சம் வேலை பாருங்கப்பா" என்றால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். "நீ இரண்டாம் பந்திக்குத் தண்ணி ஊத்து" என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் இஷ்யூவில் (செய்ய வேண்டிய வேலையைக் குறித்து வைக்கும் பதிவில்) 'வேர்டு ஆதரவு' என்ற இரண்டு சொல்தான் இருந்தது. அதில் எந்த முனையைப் பிடிப்பது?

பழைய கிளையைப் பிரித்தது

முதலில் அதை எழுதிய தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ஜிபிஎல் என்பதால் கேட்காமலே எடுக்கலாம். ஆனால் ஒருத்தர் ராத்திரி கண் விழித்து எழுதியதைப் பிரித்து மேயப் போகிறோம், சொல்லாமல் செய்வது மரியாதை இல்லை. "தாராளமா எடுத்துக்குங்கண்ணா, எனக்கு இப்ப நேரமே இல்ல" என்று பதில் வந்தது. கூடவே பாதியில் விட்ட இடங்கள் எவை என்றும் நாலைந்து வரி. அந்த நாலைந்து வரி தங்கம். குறியீட்டைப் படித்து நாமாகக் கண்டுபிடித்திருந்தால் வாரக்கணக்கில் ஆகியிருக்கும்.

மறுசீரமைப்பை மொத்தமாகக் கழற்றிப் போட்டேன். அது நல்லதோ கெட்டதோ, இந்த வேலைக்குத் தேவையில்லை. எழுத்துருவைக் கண்டறியும் ஃபங்ஷன் மட்டும் தனியாக நிற்கக்கூடியதாக இருந்தது. அதற்குத் தானாகச் சரிபார்க்கும் டெஸ்ட் எழுதி முதலில் மெர்ஜ் செய்தோம், அதாவது முதன்மைக் கிளையில் சேர்த்தோம். மாற்றத்தைப் பதியும் கமிட் குறிப்பின் கடைசியில் இணை ஆசிரியர் வரியில் அவர் பெயரைப் போட்டால், திட்டம் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இரண்டு பேர் படமும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு சிரிப்பு மட்டும் அனுப்பினார். ஆனால் பிற்பாடு சந்தேகம் கேட்டபோதெல்லாம் பதில் சொன்னார்.

அடுத்து, எது இந்த வெளியீட்டில் இல்லை என்று எழுதி வைத்தேன். உரைப்பெட்டி இல்லை, மேல்தலைப்பு கீழ்த்தலைப்பு இல்லை, திருத்தத் தடம் பிடித்த (டிராக் சேஞ்சஸ்) கோப்பு இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. அடிக்குறிப்பை விட்டதற்கு ஆய்வு மாணவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான். ஆனால் வேர்டு கோப்பு என்பது உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகளை வைத்து ஜிப் செய்த பொதி. அடிக்குறிப்பு அதில் தனிக் கோப்பாக இருக்கிறது. முதன்மை உரை சரியானால் அதே ஃபங்ஷனை அங்கே ஓட்டுவது எளிது. முதலிலேயே இரண்டையும் இழுத்துப் போட்டால் எதுவும் முடியாது.

வாசலிலேயே விழுந்த சிவப்பு எழுத்து

வந்தவர்கள் எங்கே திரும்பிப் போனார்கள் என்று பார்க்க, தெரிந்த ஒரு மாணவியை அவருடைய மடிக்கணினியிலேயே எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவச் சொல்லி, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். விண்டோஸ். டெஸ்டை ஓட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு. யுனிகோடு பிழை.

காரணம் சின்னது. பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் சொல்லாவிட்டால், விண்டோஸ் தன் பழைய குறிப்பக்கத்தில் திறக்கும். பெரும்பாலும் 1252. அதில் தமிழுக்கு இடமே இல்லை. லினக்ஸில் இயல்பே யுடிஎஃப்-8 என்பதால் எங்கள் யாருக்கும் இது தெரியவே தெரியாது. பைத்தான் 3.15-இல்தான் யுடிஎஃப்-8 எல்லா இயங்குதளத்துக்கும் இயல்பாகிறது. அதுவரை ஒவ்வொரு கோப்புத் திறப்பிலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுவதுதான் வழி. எழுதினோம். தானியங்கிச் சோதனையில் விண்டோஸையும் சேர்த்தோம். வழிகாட்டியையும் தமிழில் திருப்பி எழுதினேன். நிறுவ ஒரு கட்டளை, சோதிக்க ஒரு கட்டளை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தமிழ் மென்பொருளுக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் மட்டும் வழிகாட்டி வைத்திருந்ததை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

டிடிபி கடைக்காரர்கள் வந்தது

இந்த வேலையை உண்மையில் நகர்த்தியவர்கள் நிரல் எழுதுகிறவர்கள் இல்லை.

டெஸ்டுக்கு மாதிரிக் கோப்பு வேண்டும். பயனர்கள் அனுப்பியவை இருந்தன. ஆனால் அவற்றில் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, சங்கக் கணக்கு என்று ஊராரின் பெயரும் கைபேசி எண்ணும். பொதுவில் போட முடியாது. ஆகவே பாமினியில் தினமும் அடிக்கிறவர்களிடமே போய்க் கேட்டேன். திருக்குறளில் ஓர் அதிகாரத்தை உங்கள் வழக்கப்படி அடித்துக் கொடுங்கள், தலைப்பைத் தடிமனாக்குங்கள், ஒரு வரியில் ஆங்கிலம் கலக்குங்கள், சரியாக மாறினால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மதுரையில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், யாழ்ப்பாணத்தில் பதிப்பு வேலை பார்க்கும் ஓர் அக்கா, அவர்கள் சொல்லி இன்னும் சிலர். இவர்கள் யாருக்கும், நிரலாளர்கள் குறியீட்டு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், நான் ரெப்போவில் ஏற்றினேன்.

அவர்கள் கொடுத்த கோப்புகளைத் திறந்ததும்தான் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று நாங்கள் எழுதி வைத்திருந்த அட்டவணை எவ்வளவு ஏட்டுச் சுரைக்காய் என்று தெரிந்தது. 'அவர்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ர்-க்கு 'ர' அடித்துப் புள்ளி வைப்பார்கள் என்றுதான் நிரலாளர் நினைப்பார். அடிக்கிறவர் துணைக்காலை அடித்து அதன் மேல் புள்ளி வைக்கிறார். கண்ணுக்கு அதுவும் ர்-தான், விரலுக்கு அதுதான் பழக்கம். அதேபோல் 'ரி'யும் துணைக்கால், மேலே இகர விலங்கு. இந்த விதி எங்கள் மாற்றிக்கு முன்பே தெரியும். ஆனால் எழுத்துகள் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடந்தால் அதற்குக் கண் தெரியவில்லை.

பிரிவது ஏன்? கோப்பை ஒரு நாள் அடித்து, மூடி, மறுநாள் திறந்து திருத்தினால், திருத்திய எழுத்துக்கு வேர்டு வேறோர் அடையாள எண் கொடுத்துத் தனித் துண்டாக்கிவிடும். போதாக்குறைக்கு, பாமினி உரையை அது எழுத்துப்பிழை நிறைந்த ஆங்கிலமாக நினைத்துக்கொண்டு இடையிடையே பிழைக்குறிகளையும் செருகும். பார்க்க ஒரே சொல். உள்ளே நாலு துண்டு.

பாமினியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வரும். ஆங்கிலச் சிறிய 'n' ஒற்றைக்கொம்பு, பெரிய 'N' இரட்டைக்கொம்பு. யுனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும், திரையில் மட்டும் முன்னால் போய் நிற்கும். முதல் குறளில் 'எழுத்தெல்லாம்' என்று வருகிறதே, மதுரை அண்ணன் கோப்பில் அந்தக் கொம்பு விட்டுப்போய்ப் பிறகு சேர்த்தது போலிருக்கிறது. கொம்பு தனித் துண்டு, 'த' அடுத்த துண்டு. துண்டு துண்டாக மாற்றினால் கொம்பு தன்னந்தனியாக ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும், அதன்பின் 'தல்லாம்'.

இதை ஓர் இஷ்யூவாக எழுதினேன். மாதிரிக் கோப்பின் பெயர், இப்போது வருவது, வர வேண்டியது, தொட வேண்டிய ஃபங்ஷன், தொடக் கூடாத கோப்புகள், முடிந்ததா என்று பார்க்கும் கட்டளை. இதே அச்சில் மீதி வேலையையும் துண்டு போட்டேன். ஒன்றும் ஒரு மாலைப்பொழுதைத் தாண்டக் கூடாது. தாண்டும் போலிருந்தால் இன்னும் உடைத்தேன்.

கொம்பு இஷ்யூவை விழுப்புரம் பக்கத்து மாணவர் ஒருவர் எடுத்தார். ஒரே வடிவமைப்பில் அடுத்தடுத்து இருக்கும் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டு அப்புறம் மாற்று என்பது அவர் வழி. சரி, ஆனால் வடிவமைப்பே வேறாக இருந்தால்? முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் கதைப் புத்தகப் பாணியில் 'கொ' வந்தால், கொம்பு மட்டும் பெரிதாகி 'க'வும் காலும் சின்னதாக நிற்கலாம். கொம்பு எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று நீண்ட விவாதம். மெய் எந்தத் துண்டில் இருக்கிறதோ அங்கே கொம்பும் காலும் போகட்டும் என்று யாழ்ப்பாண அக்கா முடித்து வைத்தார். நிரலாளர்கள் பேசிக்கொண்டே இருந்ததைப் பக்கம் வடிவமைக்கிறவர் ஒரு வரியில் தீர்த்தார்.

இதைவிடச் சுவையானது ஔகாரம். பாமினியில் 'கௌ' என்பது கொம்பு, க, பிறகு 'ள' விசை. அதே மூன்று விசைதான் 'கெள'வுக்கும். இணையத்தில் 'வௌிநாடு', 'வௌியீடு' என்று உடைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் இந்த வகை மாற்றத்தின் கைங்கரியம். எங்கள் பழைய மாற்றியிலும் அதைச் சரிசெய்யச் சொல்லிக் கோரிக்கை கிடந்தது. அடுத்து வருவது புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் அது 'ள'தான், ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு குறி வர முடியாது. 'வெள்ளம்', 'வெளி' இரண்டும் இந்த விதியில் தப்பித்துவிடும். குறி ஒன்றும் இல்லாவிட்டால் ஔ: 'மௌனம்', 'பௌர்ணமி', 'கௌரவம்'.

விதி பிரமாதம் என்று மெர்ஜ் செய்யப் போகும்போது மதுரை அண்ணனிடமிருந்து குரல் செய்தி. "தம்பி, கரிசக்காட்டுக் கதை அடிக்கறப்ப 'வெளக்கு', 'வெளஞ்ச காடு'ன்னுல்லாம் வருமே, அது என்ன ஆகும்?" என்ன ஆகும், 'வௌக்கு' ஆகும். எழுத்துத் தமிழில் அனேகமாக வராத அமைப்பு, பேச்சுத் தமிழில் சாதாரணமாக வருகிறது. விதியால் இதைப் பிடிக்க முடியாது. ஒரு சொற்பட்டியல் வைத்தோம். பட்டியலில் சொல் சேர்ப்பதற்கு நிரல் தெரிய வேண்டாம், உரைக்கோப்பில் ஒரு வரி. கிட்ஹப் உலாவியிலேயே திருத்தி அனுப்பலாம். திட்டத்தில் அதிகம் பேர் கை வைத்த கோப்பு அதுதான். அதில் ஒரு சொல் சேர்க்க வந்த இரண்டு மூன்று பேர் பிறகு அட்டவணைக் குறியீட்டுக்குள்ளும் போனார்கள்.

பங்களித்தோர் பட்டியலில் பெயர் சேர்க்கலாமா என்று கேட்டேன். "என் பேரு வேண்டாம் தம்பி, கடைப் பேரைப் போடுங்க" என்றார் அண்ணன். போட்டோம்.

தடிமன் காணாமல் போனது

உரை சரியாக மாறியது. தலைப்புகள் மட்டும் சாதுவாக, மெலிந்து, சின்னதாக வந்தன. மூலத்தில் எழுத்தளவு 18 புள்ளி, தடிமன். எக்ஸ்எம்எல்லில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. திரையில் இல்லை.

விண்டோஸ் சிவப்பில் மாட்டிய அதே மாணவிதான் இதைப் பிடித்தார். ஊகிப்பதை விட்டுவிட்டு, மாறிய கோப்பை வேர்டில் திறந்து கையால் தடிமனாக்கிச் சேமித்தார். இரண்டையும் ஜிப் பிரித்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தார். தடிமனுக்கான 'பி' குறிக்குப் பக்கத்தில் 'பி-சிஎஸ்' என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அளவிலும் அப்படியே, 'எஸ்இசட்' தவிர 'எஸ்இசட்-சிஎஸ்'. சிக்கலான எழுத்துமுறைகளுக்கு வேர்டு தனிக் குறிகளைப் பார்க்கிறது. பாமினியாக இருந்தவரை அது வேர்டுக்கு ஆங்கிலம், சாதாரணக் குறி போதும். யுனிகோடானதும் அது தமிழ், பார்க்கும் இடமே வேறு. எழுத்துருப் பெயருக்கும் இதே கதைதான்.

திருத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. மாற்றிய துண்டுகளில் மட்டும் குறிகளை நகலெடு. எழுத்தளவு அரைப் புள்ளிக் கணக்கில் இருக்கும் (18 புள்ளிக்கு 36), அதைத் தொடாமல் அப்படியே எடு. இதே சிக்கல் பழைய கிளையிலும் இருந்தது, மூவாயிரம் வரிக்குள் யார் கண்ணிலும் படவில்லை.

மீதி

ரிவ்யூவுக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். புதியவர் முதல் தடவை அனுப்பினால் அன்றே யாராவது பார்த்துவிட வேண்டும். முழு ரிவ்யூ வேண்டாம், 'பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை விரிவாகச் சொல்கிறேன்' என்றாலும் போதும். இடைவெளி, பெயர் சூட்டல் போன்ற சில்லறைத் திருத்தங்களைக் கேட்டு அவர்களை அலைக்கழிக்காமல் நாங்களே சரிசெய்து மெர்ஜ் செய்தோம். இதற்குக் குழுவில் எதிர்ப்பு இருந்தது, தரம் போய்விடும் என்று. என் கட்சி வேறு. குறியீட்டின் நடையைக் கருவி பார்த்துக்கொள்ளட்டும், மனிதர் தர்க்கத்தைப் பார்த்தால் போதும்.

லினக்ஸ் பயனர் குழு ஒன்றின் இணையக் கூட்டத்தில் பேச இடம் கிடைத்தபோது அறிமுக உரையெல்லாம் வைக்கவில்லை. திரையைப் பகிர்ந்து, ஒரு சின்ன இஷ்யூவை எடுத்து, எல்லார் முன்னாலும் சரிசெய்து, டெஸ்ட் தேறிப் பச்சை டிக் விழும்வரை காட்டினேன். மீதி இஷ்யூக்களின் பட்டியலைக் கடைசியில் போட்டேன். பத்து நிமிட 'வாருங்கள், பங்களியுங்கள்' பேச்சைவிட இது வேலை செய்தது.

திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்கும் அக்டோபர் மாதப் போட்டியான ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் திட்டத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். அதை 2014-இல் தொடங்கினார்கள். 2020-இல் பரிசாகத் தரும் சட்டைக்காகக் குப்பைக் கோரிக்கைகள் குவிந்து, விருப்பப்பட்ட திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டிவந்தது. இப்போது நிலைமை பரவாயில்லை என்கிறார்கள். இருந்தாலும் எண்ணிக்கைக்காக வருகிறவர்களை ரிவ்யூ செய்யும் தெம்பு எங்களிடம் இல்லை, சேரவில்லை. பணப் பரிசு வைக்கலாம் என்றும் ஒரு யோசனை. மாதிரிக் கோப்பு அடித்துக் கொடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை, நிரல் எழுதுகிறவருக்கு மட்டும் காசு என்றால் அது அசிங்கமாக இருக்கும். அதையும் விட்டோம்.

இயந்திரம் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளும் வந்தன. விளக்கம் பளபளவென்று இருக்கும், 'வெளி' மாதிரியில் விழுந்துவிடும். யார் எழுதினார்கள் என்ற விசாரணையே தேவைப்படவில்லை. மாதிரிகள் தேர்ச்சி பெற்றால் பார்ப்போம் என்று ஒரு வரி போட்டு வைத்தோம்.

வேர்டு ஆதரவு இப்போது வெளியீட்டில் இருக்கிறது. அடிக்குறிப்பை அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டோம். எதிர்பார்த்த மாதிரியே அது சின்ன வேலையாகத்தான் இருந்தது. அதை எழுதியவர் பழைய கிளையின் சொந்தக்காரரேதான், ஒரு வார இறுதியில் வந்து முடித்துவிட்டுப் போனார்.

பாக்கி உரைப்பெட்டி. வேர்டு ஒரே பெட்டியின் உரையைப் புதிய வடிவிலும் பழைய வடிவிலும் இரண்டு தடவை எழுதி வைக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால், திறக்கும் மென்பொருளைப் பொறுத்து யுனிகோடும் வரலாம், பாமினியும் வரலாம். மூன்று இஷ்யூவாக உடைத்துப் போட்டிருக்கிறேன். நடுவில் உள்ளதை ஒருவர் எடுத்துவிட்டார், மற்ற இரண்டும் இதை எழுதும்வரை காலி. மாதிரிக் கோப்பு தயாராக இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்று, பெயர்களெல்லாம் கற்பனை, அட்டைப்படத்துப் பிள்ளையார் உட்பட எல்லாமே உரைப்பெட்டிக்குள்.